எங்கள் தாங்கலுக்குப் பூட்டு விழுந்த விதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன். கூடப்பிறந்தவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது அய்யாவுக்கு அடுக்குமா என்று நினைப்பு வரும். கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். "எழுதுங்க, எழுதி எழுதிக் கிழியுங்க. அடுப்பு பத்தவைக்க எனக்குத் தாளாவது கிட்டுமே" என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். என் அண்ணன் பெரிய படிப்பு படித்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர், பிறகு எங்கள் குடும்பத் தொழிலை நடத்தியவர், அதற்கும் பிறகு சட்டசபைக்குப் போனவர். அவரைப் பற்றி நான் எழுதினால் யார் நம்புவார்கள் என்ற பயமும் இருந்தது.

இப்போது துணிந்ததற்குக் காரணம் ஒரு கல். அண்ணன் கட்டிய கல்லூரிக்குள், எங்கள் தாங்கல் இருந்த இடத்தில், கறுப்பாகப் பளபளக்கிற ஒரு கல்லைப் பதித்திருக்கிறார்கள். இது முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் தம்பி கல்விப் பணிக்காக மனமுவந்து விட்டுக்கொடுத்த இடம் என்று என் பெயரோடு அதில் வெட்டியிருக்கிறது. நான் விட்டுக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கல்தான் சாட்சி. அதனால்தான் எழுதுகிறேன்.

தாங்கல் என்றால் என்ன என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். நாங்கள் அய்யா வழிக்காரர்கள். எங்கள் சாமியை அய்யா என்றுதான் சொல்வோம். எங்கள் கோயிலில் சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி இருக்கும், அதன் இரண்டு பக்கமும் விளக்கு எரியும். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலையில் துண்டை வரிந்து தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்போம். தலையில் துண்டு கட்டக்கூடாது என்று எங்கள் முன்னோரை ஒருகாலத்தில் அடக்கி வைத்திருந்தார்கள். அதனால் தலைப்பாகை எங்களுக்குச் சும்மா ஒரு துணி அல்ல. நெற்றியில் வெள்ளை மண்ணால் நாமம் இட்டுக்கொள்வோம். கும்பிட்டு முடிந்ததும் வந்தவர்கள் எல்லாருக்கும் கஞ்சியோ சோறோ கொடுப்போம். அதைத் தர்மம் என்போம். இப்படிக் கும்பிடுகிற சிறிய இடங்கள்தான் தாங்கல்.

எங்கள் ஊர் தக்கலைக்கும் புதுக்கடைக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா அங்கே முந்திரிப்பருப்பு ஆலை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்போம். வறுத்த கொட்டையைப் பெண்கள் கல்லில் வைத்துத் தட்டி உடைப்பார்கள். தோட்டிலிருந்து வழிகிற எண்ணெய் பட்டுப் பட்டு அவர்கள் விரல் எல்லாம் கறுத்துப்போயிருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். அப்படியும் தோல் பொளிந்துவிடும்.

அந்த ஆபீஸ் வளவுக்குள்ளேயே ஒரு மூலையில் அப்பா தாங்கலைக் கட்டினார். ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். ரெட்டைக் கதவு உண்டு. ஆனால் தாழ்ப்பாளும் இல்லை, பூட்டு மாட்ட வளையமும் இல்லை. ஆசாரி கேட்டாராம், "மொதலாளி, கொண்டி வைக்க மறந்து போச்சே?" அப்பா, "மறக்கல. பூட்டு போட்டா தொறக்கதுக்கு ஒருத்தன் வேணும். பின்ன அவன் பெரிய ஆளா ஆயிருவான்" என்றாராம்.

மதியம் சங்கு ஊதியதும் பெண்கள் கை கழுவிவிட்டு அங்கே வந்துவிடுவார்கள். எங்கள் வழிக்காரர்கள் நாமம் இடுவார்கள். மற்றவர்கள் அவரவர் சாமியை நினைத்துக்கொண்டு உட்காருவார்கள். எல்லாருக்கும் ஒரே பாயில் பயறும் கஞ்சியும். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற ஒரு அக்கா, அவள் கழுத்தில் கிடக்கிற சிலுவையோடு, மீன் பாத்திரத்தை வெளியில் வைத்துவிட்டு வந்து பந்தியில் உட்காருவாள். "அந்தோணியாரு செவ்வாக்கிழமதான் சோறு தருவாரு. உங்க அய்யாவுக்குத் தெனமும் கை தாராளம்" என்பாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அண்ணன் எனக்கு மூத்தவர், நாங்கள் இரண்டே பேர். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தினார். பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய எங்கள் வழியையே எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பேண்ட்டும் சட்டையுமாக டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்பாவிடம் கேட்பார், வயதான பெண்களிடம் கேட்பார், என்னிடமும் கேட்பார்.

நான் கும்பிடத்தான் தெரிந்தவன். ஏன் கும்பிடுகிறோம் என்று எனக்குச் சொன்னது அண்ணன்தான். தலைப்பாகைக்குப் பின்னால் எத்தனை பேருடைய அடியும் அவமானமும் இருக்கிறது என்று ஒரு நாள் வறுப்புக் கொட்டகையில் வைத்து அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமிக்கு முன்னால் கண்ணாடி ஏன் என்று கேட்டேன். "பாக்கவன் எவனோ அவனுக்குள்ள அய்யா இருக்காருன்னு அர்த்தம்லே. அதனாலதான் அந்த எடம் ஒருத்தனுக்கும் சொந்தமில்ல" என்றார். அந்த வார்த்தையை அன்று முதல் நான் கண்ணில் ஒற்றி வைத்திருந்தேன். ஊரில் அவரை எல்லாரும் சாரு என்று கூப்பிடுவார்கள். சாருக்குத் தம்பி என்று என்னைச் சொன்னால் எனக்கு நெஞ்சு விரியும்.

அப்பா போன பிறகு ஆபீஸ் தடுமாறியது. வெளிநாட்டுக் கொட்டையை நம்பித்தான் தொழில், அதன் விலை நம் கையில் இல்லை. எனக்கு வறுப்பு தெரியும், சரக்கு தெரியும். வங்கிக்காரர்களோடும் கொல்லத்து வியாபாரிகளோடும் பேசத் தெரியாது. அண்ணன் முதலில் லீவு போட்டு வந்தார், பிறகு வேலையை விட்டுவிட்டே வந்தார். அது எனக்காகச் செய்த தியாகம் என்று ஊரெல்லாம் சொன்னேன். நடத்தவும் செய்தார், பொய் சொல்லக்கூடாது. மின்விசிறி போட்டார், பெண்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தார், கூலி பாக்கி வைக்கவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் பேசப் போனார், பேச்சு நன்றாக வந்தது, தலைவர் ஆக்கினார்கள். சாரு மொதலாளி ஆனார்.

அம்மாவும் போன பிறகு ஒரு நாள் கூப்பிட்டார். "நமக்குள்ள ஒரு வெலக்கமும் இல்ல. ஆனா நாளைக்கு நம்ம பிள்ளைய அடிச்சிக்கப்பிடாது. இப்பமே பாகம் பிரிச்சிருவோம்டே" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெரிய காரியத்தையும் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் பேசி முடிப்போம். அங்கே பேசின பேச்சுக்கு மேல் பேச்சில்லை என்பது வழக்கம். பத்திரம் பிறகு பேருக்கு எழுதுவதுதான். ஆகவே இரண்டு பேரும் தலைப்பாகை கட்டி நின்றோம். ஆபீஸ் வளவு அவருக்கு, வீடும் தென்னை நிற்கிற விளையும் எனக்கு. அதில் எனக்குக் குறையே இல்லை.

"தாங்கல எப்பிடி எழுதணும்ணே?" என்று கேட்டேன்.

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார். "அய்யாவுக்க எடத்த மனுஷன் பேருல எழுதலாமாலே?"

எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. கொட்டகையில் வைத்து அவர் சொன்ன அதே வார்த்தைதானே என்று நினைத்தேன். நானே கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பத்திரத்தில் தாங்கலைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அப்பம் தாங்கல் ஆருக்கு?"

"அய்யாவுக்கு."

"அய்யா வந்து ஒப்பு போட்டுட்டாரா?"

"சாமி காரியத்துல வெளையாடாத பிள்ள."

"நான் வெளையாடல்ல. வெளையாடுக ஆள நீங்க பாக்கல்ல" என்றவள், மறுபடி துருவ ஆரம்பித்தாள்.

அவளுக்கு அண்ணனைப் பிடிக்காது, அதனால் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த தேர்தலில் ஒரு கட்சி அவரைக் கேட்டது. நின்றார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம், எல்லாவற்றிலும் நல்லவரும் உண்டு கெட்டவரும் உண்டு. திறந்த ஜீப்பில் அண்ணன் வேட்டி உடுத்து, தலைப்பாகை கட்டி நின்றதைப் பார்த்து எங்கள் வழிப் பெரியவர்கள் கை கூப்பினார்கள். பேண்ட்டைத் தவிர வேறு உடுத்தி அவரை ஊர் பார்த்ததே அப்போதுதான். நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எனக்கு மேடைப் பேச்சு வராது. "எனக்க அண்ணன் அய்யாவுக்க பிள்ள. வார்த்த மாற மாட்டாவ" என்று மட்டும் சொல்வேன். எங்கள் ஆட்கள் என் முகத்தைப் பார்த்து அதை நம்பினார்கள்.

வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு மதியம் அண்ணன் தாங்கல் பந்தியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். படம் எடுக்க ஆட்கள் வந்திருந்தார்கள். மீன்கார அக்காதான் கேட்டாள்.

"சாரே, ஜெயிச்ச பெறவு இந்தக் கஞ்சி உண்டுமா, இல்ல படத்துலதான் உண்டுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எழுந்து கதவைத் தொட்டுக்கொண்டு நின்று சொன்னார்: "எனக்க அப்பன் பூட்டு வைக்காத கதவு இது. நான் இருக்கது வரைக்கும் இதுல பூட்டு ஏறாது. அய்யாவாண."

"அய்யாவாண" என்று நாங்கள் லேசில் சொல்வதில்லை. சிரிப்பும் கைதட்டலும் அப்படியே நின்றுவிட்டது. அக்கா சிலுவையைத் தொட்டு முத்தமிட்டாள். "அப்பம் எனக்க ஓட்டு உனக்குத்தான் மக்கா" என்றாள்.

ஜெயித்தார். மொதலாளி எம்எல்ஏ ஆனார்.

முதல் வருஷம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் வருஷம் ஆபீஸை மூடப்போவதாகச் சொன்னார். எனக்கே தெரியும், கொட்டை வரத்து நின்று நாளாகியிருந்தது. அந்த இடத்தில் கல்லூரி கட்டப்போகிறோம் என்றார். நம் பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும், பெண்களுக்கெல்லாம் விடுதி சமையலறையிலும் துப்புரவிலும் வேலை உண்டு என்றார். நான் சந்தோஷப்பட்டேன். ஒரு வாத்தியாருடைய ஆசை இது, முதலாளியாகி எம்எல்ஏ ஆகித்தான் நிறைவேற வேண்டியிருந்திருக்கிறது என்று பெருமையாக நினைத்தேன். அஸ்திவாரத்துக்கு முதல் கல்லை எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

சமையலறைக்கு வெளியிலிருந்து குத்தகைக்காரர் வந்தார், ஆட்களையும் அவரே கொண்டுவந்தார். எங்கள் பெண்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் உள்ளே போனார்கள். மற்றவர்கள் கேரளாவுக்கும் வேலை உறுதித் திட்டத்துக்கும் சிதறிவிட்டார்கள். அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மதில் எழும்பியது. ஆபீஸ் வளவைச் சுற்றி, தாங்கலையும் உள்ளே வைத்து. பெரிய கேட். கேட்டில் காவலுக்கு ஆள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாங்கலுக்குப் போகலாம் என்றார்கள். பிறகு பெயர் எழுதிவிட்டுப் போகவேண்டும் என்றார்கள். பிறகு கல்லூரியில் பரீட்சை, அதனால் கொஞ்ச நாள் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வொன்றையும் நானே ஊரில் போய்ச் சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது தாங்கல் கதவில் புதிதாக இரும்புக் கொண்டி அடித்திருந்தது. அதில் பூட்டு தொங்கியது.

காவலுக்கு இருந்தவர் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. "எனக்க கையில சாவி இல்ல அண்ணாச்சி. காலேஜ் ஆபீசுல கேக்கணும்" என்றார். நான் கையில் வைத்திருந்த துண்டைப் பார்த்தேன். கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அப்பா சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. தொறக்கதுக்கு ஒருத்தன் வேணும்.

அதன்பின் பல ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்டுக்கு வெளியில் நின்றோம். எங்கள் வழிக்காரர்களும், பழைய ஆபீஸ் பெண்கள் சிலரும். சண்டை போடவில்லை. தலைப்பாகை கட்டி மதிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் வீட்டுக்காரி கொண்டுவந்த கஞ்சியை ரோட்டோரத்தில் நின்று குடித்துவிட்டுப் போவோம். ஒரு நாள் அண்ணனுடைய கார் வந்தது. மீன்கார அக்கா பாத்திரத்தோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

"சாரே, சாள இருக்கு. வேணுமா?"

கார்க் கண்ணாடி பாதி இறங்கியது. அண்ணன் சிரித்தார். "இன்னைக்கு ஞாயிறு, நான் மீன் தின்ன மாட்டேன்லா."

"ஓ, தின்ன மாட்டியளா? நான் உங்கள எல்லாத்தையும் திங்க ஆளுன்னுல்லா நெனச்சேன்."

கண்ணாடி ஏறிவிட்டது. கார் உள்ளே போனது. அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "ஓட்டு கேக்க வந்தப்பம் கண்ணாடி முழுசா எறங்கிக் கெடந்துது, பாத்தியளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சாயா தந்தார், அண்ணன் சென்னையில் என்றார். மறுபடியும் போனேன், மறுபடியும் சென்னை. கடைசியில் தக்கலையில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு, மனு கொடுக்கிறவர்கள் வருகிற நாளில் போய் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "எம்எல்ஏக்க தம்பிதான நீங்க? உங்களுக்கும் பட்டா கிட்டல்லியா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அண்ணன் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "வரிசையில எதுக்குலே இருந்த? வீட்டுக்கு வந்துருக்கலாம்லா?"

"வீட்டுக்கு ரெண்டு மட்டம் வந்தேன்."

"சரி, சொல்லு."

"தாங்கலுக்குப் பூட்டு போட்டுருக்கு."

"பொம்பளப்பிள்ளைகளுக்க ஹாஸ்டல் பக்கத்துல இருக்குடே. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்க பேரத்தான பத்திரிகையில போடுவான்."

"பூட்டு ஏறாதுன்னு அய்யாவாண போட்டீங்க."

"நானா போட்டேன்? காலேஜ் நிர்வாகம் போட்டுது."

"நிர்வாகம் ஆரு?"

"டிரஸ்ட்."

"டிரஸ்ட் ஆரு?"

அண்ணன் சிரித்துவிட்டார். "உனக்க மைனி, நான், பிள்ளைய. வேற ஆரு இருப்பா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணே, ஆபீஸ் உங்களுக்கது. காலேஜ் உங்களுக்கது. நான் ஒண்ணும் கேக்கல்ல. அந்தத் தாங்கலையும் அதுக்குப் போக ஒரு நடவழியும் ஊருக்கு எழுதிக் குடுத்துருங்க. எனக்க பேருல வேண்டாம், ஊரு பேருல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் கணக்குத் தப்பாகப் போட்டால் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அய்யாவுக்க எடத்த மனுஷன் பேருல எழுதலாமாலே?" என்றார்.

அதே வார்த்தை. அதே குரல். தோளில் கை வைக்காததுதான் குறை.

அவரே தொடர்ந்தார். "உனக்க பேருலயும் இல்ல, எனக்க பேருலயும் இல்ல. ஆனா அதுக்க நாலு பக்கமும் எனக்க எல்கை. நடுவுல கெடக்கது பறந்தா போவும்? நீ மனசக் கொழப்பாத. புதுக்கடை ரோட்டுல ஒரு எடம் பாத்துருக்கேன். பளிங்குல ஒரு தாங்கல் கெட்டித் தாறேன். உனக்க பேரையும் முன்னால போடுவோம்."

பாகம் பிரித்த அன்று அந்த வார்த்தையைச் சொல்லும்போதே இது அவர் மனதில் இருந்திருக்கிறது. எனக்கு அது அந்த நாற்காலியின் முன்னால் வைத்துத்தான் விளங்கியது. அவர் என்னிடம் பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை நோவு இருந்திருக்காது. அவர் சொன்னது உண்மை. எங்கள் வழியில் இருக்கிற மெய்யான வார்த்தை. ஆராய்ச்சி செய்து, படித்து, எனக்கே சொல்லித்தந்து, நான் அதில் எங்கே உருகுவேன் என்று பார்த்து வைத்து, அந்த இடத்தில் கையை வைத்திருக்கிறார். வேற்று மனுஷன் ஒருவன் ஏமாற்றியிருந்தால் என் பக்தியை அவனால் தொட்டிருக்க முடியாது. வக்கீலிடமும் போய்க் கேட்டேன். பாதைக்கு வேண்டுமானால் வழக்குப் போடலாம், நீயே பேசாமல் கையெழுத்துப் போட்ட பத்திரமாயிற்றே என்றார். அண்ணன்மேல் கோர்ட் ஏற எனக்குக் கால் வரவில்லை. அப்பாவுடைய முகம் குறுக்கே வந்தது.

பளிங்குத் தாங்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கல்லூரி ஜீப் வீட்டு முன்னால் வந்து நின்றது. டிரைவர் பின்னாலிருந்து படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றை, பிணத்தை இறக்குகிற மாதிரிப் பக்குவமாக இறக்கினார். "சாரு குடுக்கச் சொன்னாவ. அந்தக் கட்டடம் பிள்ளைய தியானம் பண்ண ஹால் ஆவப்போவுது. இது அங்க வேண்டாமாம்" என்றார்.

விரிப்பை விலக்கினேன். எங்கள் நிலைக்கண்ணாடி. அப்பா வாங்கி வைத்தது. ஓரத்தில் ரசம் போன இடம், பெண்கள் நாமம் இட்டபோது பட்ட கறுப்பு விரல் தடம், எல்லாம் அப்படியே இருந்தது. பணிவிடை செய்யாமல், விளக்குக்கூட ஏற்றாமல் ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருக்கிறார் சரித்திரம் படித்த என் அண்ணன். நான் அதன் முன்னால் வெறுந்தலையோடு முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரி உள்ளே போய்த் துவைத்த துண்டை எடுத்து வந்து என் தலையில் அவளே சுற்றிவிட்டாள்.

கண்ணாடியை எங்கள் வீட்டு முன்னறையில் வைத்தோம். கட்டிலையும் டிவியையும் பின்னறைக்கு மாற்றினோம். அன்று சாயங்காலமே ஸ்குரூ டிரைவரை எடுத்து வாசல் கதவில் இருந்த தாழ்ப்பாளையும் கொண்டியையும் கழற்ற உட்கார்ந்தேன்.

"கள்ளன் வந்தா?" என்றாள் அவள்.

"வந்தா அவனும் மூஞ்சியப் பாத்துட்டுப் போட்டும்."

"உங்க அண்ணன் வந்தா?"

நான் ஆணியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அவளே சொன்னாள்: "அவியளும் பாத்துட்டுப் போட்டும். ஒரு கிண்ணம் கஞ்சி கூட வைக்கதுக்கு என்ன?"

இன்றைக்கும் எங்கள் வாசலில் பூட்டில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள கதவை மட்டும் ராத்திரி சாத்திக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பழைய பெண்கள் வருகிறார்கள். பலருக்கு விரல் வெளுத்துவிட்டது. மீன்கார அக்காவுக்கு முட்டு வலி, அவள் மகள் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விடுகிறாள். இடம் போதாமல் பந்தி முற்றம் வரைக்கும் போகும். மழை வந்தால் கஷ்டம்தான்.

அண்ணன் இப்போது பதவியில் இல்லை. அடுத்த முறை தேர்தலில் நிற்கக் கட்சி அவருக்கு இடம் தரவில்லை. கல்லூரி இருக்கிறது, நன்றாகவும் நடக்கிறது. பதவி போன பிறகுதான் அந்தக் கல்லைப் பதித்தார். அங்கே படிக்கிற ஒரு பெண்பிள்ளை, எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தவளுடைய பேத்தி, போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். "தாத்தா, நீங்க குடுத்த எடமா இது? எங்க ஆச்சி வேற மாதிரிச் சொல்லுதே" என்று கேட்டாள். மனமுவந்து என்ற வார்த்தையை நான் கூட்டி வாசிக்கவே நேரமெடுத்தது. இடத்தை எடுத்தது போதாமல் கொடுத்தவனாகவும் என்னை ஆக்கிவிட்டார். பூட்டு விழுந்த அன்று இருந்த நோவைவிட இது அதிகம்.

கல்லை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினேன். "தம்பிக்குப் பெருமதான அது" என்று சொன்னாராம்.

எங்கள் தாங்கல்களில் ஏடு வாசிப்பு, அதாவது எங்கள் புனித நூலை வாசிப்பது, நடக்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிக்கிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடிதான் வாசிக்க வேண்டும். ராகம் கூட்டலாம், குரலை ஏற்றலாம், எழுத்தில் கை வைக்கக்கூடாது. நான் எழுதியது ஏடு அல்ல, ஒரு சம்சாரியுடைய புலம்பல்தான். ஆனாலும் இதைப் படிக்கிறவர்களிடம் அதே கட்டுப்பாட்டைக் கேட்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். நான் கொடுத்தேன் என்று சேர்க்காதீர்கள், கொடுக்கவில்லை. நான் அவரைச் சபித்தேன் என்றும் சேர்க்காதீர்கள், அதுவும் இல்லை. கையுறை வாங்கிக் கொடுத்ததையும் கூலி பாக்கி வைக்காததையும் விட்டுவிடாதீர்கள். கதவைத் தொட்டு "அய்யாவாண" என்று சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் முன்னறையில் சுவரில் ஒரு ஆணி அடித்து, யாரும் கட்டாத ஒரு துண்டைத் துவைத்துத் துவைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம். அது யாருக்கு என்று கேட்டால் அதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

அய்யா உண்டு.